முப்பத்து நாலு நொடியும் மூன்று மொழியும்

திருச்சானூரில் கார்த்திகை பிரம்மோற்சவம் தொடங்கிவிட்டால் ஒலிபெருக்கிக்கு ஓய்வு கிடையாது. ஒன்பது நாளும் காலை ஒரு வாகனம், இரவு ஒரு வாகனம். கடைசி நாள் பஞ்சமி தீர்த்தத்தன்று பத்ம சரோவரத்தைச் சுற்றிலும் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. பத்மாவதித் தாயார் கோயிலை நம்பிப் பூவும் குங்குமமும் விற்கும் குடும்பங்களுக்கு இது வரும்படிக் காலம். அதே தெருக்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற பிள்ளைகளுக்கு இது சோதனைக் காலம். வங்கித் தேர்வுகளின் பருவம் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கிறது. தாயாரின் உற்சவம் அதற்காகத் தள்ளிப் போகாது.

அப்படி ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம், பலரைச் சேர்த்துச் செய்த பெண் இவள். வயது 24. பி.காம். படித்தவள். அப்பாவுக்குக் கோயில் அருகே சின்னக் கடை. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம் என்று பெயர். மூன்று முறை முதல்நிலைத் தேர்வு எழுதியாகிவிட்டது. ஒரு முறை மட்டும் மெயின் தேர்வு வரை போனாள். ‘இந்த வருஷமும் பரீட்சைதானாம்மா?’ என்று வேலூரிலிருந்து வருகிற சித்தி கேட்கும்போது காபி கலக்கும் சாக்கில் உள்ளே போய்விடுவாள்.

இவளுக்கு ஆலோசனை சொல்லப் பஞ்சமில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திரு, செல்போனைத் தூர வை, தன்னம்பிக்கையோடு இரு. எல்லாம் சரிதான். ஆனால் இவளுடைய சிக்கல்களில் பாதி தன்னம்பிக்கையால் தீர்வன அல்ல. அவை தேர்வின் விதிகளுக்குள் இருக்கின்றன. விதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிறவர் குறைவு.

முதல் விதி மாநிலம். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலைக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் பொதுத் தேர்வில் (இப்போது அந்த வேலைக்கு ‘வாடிக்கையாளர் சேவை அசோசியேட்’ என்று கௌரவமான பெயர்) ஒருவர் ஒரே ஒரு மாநிலத்தின் காலியிடங்களுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். எந்த மாநிலத்தைக் குறிக்கிறாரோ அதன் ஆட்சிமொழியை எழுத, படிக்க, பேசத் தெரிந்திருக்க வேண்டும். வேலை தருவதற்கு முன் மொழித் தேர்வும் உண்டு. மதுரைக்காரருக்கோ குண்டூர்க்காரருக்கோ இதில் யோசிக்க ஒன்றுமில்லை. திருச்சானூர்த் தமிழ்ப் பெண்ணுக்கு இது தலைவலி. சித்தியும் மாமாவும் இருப்பது தமிழ்நாட்டில். வேலூரோ காஞ்சிபுரமோ கிடைத்தால் வீட்டில் நிம்மதி. ஆனால் அவளுக்குத் தமிழ் பேச வருகிறதே தவிர எழுத வராது. சினிமா போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவோடு சரி. தெலுங்கு நன்றாக எழுதுவாள்.

இது அவள் குற்றமல்ல. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அங்கே போயிற்று. ம.பொ.சி. தலைமையில் நடந்த வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றுவிட்டன. நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் இன்றும் தமிழ் பேசுகிற வீடுகள் ஏராளம். பத்தாம் நூற்றாண்டை ஒட்டிய தமிழ்க் கல்வெட்டுகளில் திருச்சானூருக்குத் ‘திருச்சொகினூர்’ என்று பெயர். பொன்னை முதலாக வைத்து அதன் வருவாயில் கோயிலில் விளக்கெரிக்கச் செய்த ஏற்பாடுகளை இந்த வட்டாரக் கல்வெட்டுகள் பேசுகின்றன. முதலும் வட்டியும் தமிழில் கணக்கெழுதப்பட்ட ஊர்ப் பெண்ணுக்கு அதே மொழியில் ஒரு விண்ணப்பம் எழுத வராமல் போனது ஒரு வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே மாநிலத்தைத் தேர்வது ஆசையைப் பொறுத்த விஷயமல்ல. ஸ்டேட் பாங்கின் ஜூனியர் அசோசியேட் தேர்வில், பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ அந்த உள்ளூர் மொழியைப் பாடமாகப் படித்ததற்கு மதிப்பெண் பட்டியலைக் காட்டினால் மொழித் தேர்வு கிடையாது. தெலுங்கு படித்தவளுக்கு ஆந்திரத்தில் அந்தத் தடை தானாகவே விலகிவிடுகிறது. தமிழ்நாட்டைக் குறித்தாலோ, இரண்டு கட்டத் தேர்விலும் ஜெயித்த பிறகு ஒரு பத்தித் தமிழைப் படிக்கத் திணறி வீட்டுக்குத் திரும்ப நேரலாம். இப்படி நேர்ந்தால் போவது ஒரு முழு வருஷம். கிளார்க் வேலைக்கு வயது வரம்பு 20 முதல் 28 வரை. பிற்பட்டோருக்கு மூன்றாண்டும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு ஐந்தாண்டும் சலுகை. பட்டம் வாங்கவே 21 ஆகிவிடுகிற நிலையில் ஒரு வருஷம் என்பது சின்னத் தொகை அல்ல.

மொழி விஷயத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. வெகு காலம் இந்தத் தேர்வுகளின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. கிராம வங்கித் தேர்வுகள் 13 பிராந்திய மொழிகளிலும் நடக்கும் என்று 2019 ஜூலை 4 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2021-ல் கிளார்க் தேர்வு அறிவிப்பு வந்தபோது மீண்டும் குரல் எழுந்தது. அறிவிப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. பொதுத்துறை வங்கி கிளார்க் தேர்வின் இரண்டு கட்டங்களும் ஆங்கிலம், இந்தியோடு 13 பிராந்திய மொழிகளிலும் நடக்க வேண்டும் என்று அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று நிதியமைச்சகம் பரிந்துரைத்தது. தமிழும் தெலுங்கும் இரண்டுமே அந்தப் பட்டியலில் உண்டு.

இதைக் கேட்டு ‘இனி எல்லாம் நம் மொழியில்’ என்று ஆங்கிலப் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் ஏமாந்தார்கள். வினாத்தாளின் மொழி மாறினாலும் ஆங்கிலப் பாடம் ஆங்கிலத்தில்தான். கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 100 வினாக்களில் 30 ஆங்கிலத்துக்கு. அதிகாரி வேலைக்கான பி.ஓ. தேர்வோ இன்னும் ஆங்கிலம், இந்தி என்ற இரண்டோடு நிற்கிறது. ஆக, சொந்த மொழியில் எழுதி உள்ளே நுழையலாம் என்பது கிளார்க்குக்கும் கிராம வங்கிக்கும் மட்டும் உள்ள வாசல்.

மொழிபெயர்ப்பு என்பதே தனிக் கதை. தெலுங்கு வழியில் படித்தவளுக்குக் கூட்டுவட்டி ‘சக்ரவட்டி’. தமிழ்நாட்டுப் பாடநூலில் கூட்டுவட்டி. பயிற்சி மையத்தில் காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட். மூன்றும் ஒன்றே என்று மூளைக்குத் தெரியும். ஆனால் நேரம் ஓடுகிறபோது ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குத் தாவ மூன்று நொடி போகிறது. போதாக்குறைக்கு ரீசனிங் பகுதியில் ‘சிலவே பேனாக்கள் புத்தகங்கள்’ என்பது போன்ற வாக்கியங்கள் மொழிபெயர்ப்பில் வரும்போது, மொழி தெரிந்தவர்களே இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும். எந்த மொழியில் தேர்வு எழுதப் போகிறோமோ அந்த மொழியிலேயே மாதிரித் தேர்வுகளை எழுதிப் பழகுவது ஒன்றே இதற்கு மருந்து. கணக்கையும் ரீசனிங்கையும் ஆங்கிலப் புத்தகத்தில் படித்துவிட்டுத் தேர்வன்று ‘சொந்த மொழி சுலபமாயிற்றே’ என்று தெலுங்கைத் தேர்ந்தெடுப்பது தெரிந்தே குழியில் விழுவது. இதற்குத் தாய்மொழிப் பற்றைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மொழியில் வேகமாகப் படிக்க முடிகிறதோ அதுதான் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தாய்மொழி.

வேகம் என்று சொன்னதும் அடுத்த சிக்கல் வந்துவிடுகிறது. முதல்நிலைத் தேர்வில் கணக்குக்கு 35 வினா, ரீசனிங்குக்கு 35, ஆங்கிலத்துக்கு 30. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 20 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சமாகும் நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. 1,200 நொடியை 35-ஆல் வகுத்தால் வினாவுக்கு 34 நொடி. படிக்க, யோசிக்க, கணக்குப் போட, மவுஸை அழுத்த, எல்லாவற்றுக்கும் சேர்த்து. இந்த 34 நொடிதான் நம் பள்ளிக்கூடப் படிப்புக்கு நேர் எதிரானது. அங்கே படிப்படியாக எழுதினால்தான் மார்க். விடை தப்பானாலும் வழிமுறைக்குக் கொஞ்சம் போடுவார்கள். இங்கே வழிமுறையை யாரும் பார்ப்பதில்லை. பத்து சதவீதக் கூட்டுவட்டி இரண்டு வருஷத்துக்கு என்றால் சூத்திரம் எழுதக் கூடாது. 21 சதவீதம் என்று கண் பார்த்ததும் கை போக வேண்டும். ஏழில் ஒரு பங்கு 14.28, எட்டில் ஒரு பங்கு 12.5 என்பதெல்லாம் வாய்ப்பாடு மாதிரி நாக்கில் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் கால், அரை, முக்கால் வாய்ப்பாடுகளைத் திண்ணையில் ஒப்பித்த தாத்தாக்கள் இந்தப் பகுதியில் பேரப்பிள்ளைகளைத் தோற்கடித்திருப்பார்கள்.

முதல்வகுப்பில் தேறிய மாணவர்கள் இங்கே தடுக்கி விழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடினமான கணக்கை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வராது. தெரிந்த கணக்கைப் பாதியில் விடுவது அவமானம் என்று மூன்று நிமிடம் போராடி ஒரு மார்க் வாங்குவார்கள். அந்த மூன்று நிமிடத்தில் ஐந்து சுலபமான வினாக்கள் பார்க்கப்படாமலே போகும். விடத் தெரிவதும் பயிற்சியில் வருகிற விஷயம். வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே, இருபது நொடியில் வழி புலப்படாத வினாவை விட்டுத் தள்ளிப் பழக வேண்டும்.

அடுத்தது தப்பான விடைக்குக் கழிக்கப்படும் கால் மார்க். இதைப் பற்றி நிலவும் பயத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவில் உண்மை இருக்கிறது. ஒரு வினாவுக்கு ஐந்து விடைகள் தரப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், ஐந்தில் ஒரு முறை ஒரு மார்க் கிடைக்கும். நான்கு முறை கால் கால் மார்க்காக ஒரு மார்க் போகும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கண்மூடித்தனத்துக்குப் பூஜ்யம் மதிப்பு என்று கணக்காகவே அமைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஐந்தில் இரண்டு நிச்சயமாகத் தப்பு என்று தள்ள முடிந்தால் கணக்கு மாறுகிறது. மிச்சம் மூன்றில் ஒன்றைத் தொடுகிறபோது சராசரியாக ஆறில் ஒரு பங்கு மார்க் லாபம். எதுவுமே தெரியாத வினாவில் கை வைக்க வேண்டாம், பாதி தெரிந்ததை விட வேண்டாம்.

திருச்சானூர்ப் பெண்ணின் முதல் முயற்சி இந்த இடத்தில்தான் கவிழ்ந்தது. பக்கத்து இருக்கைக்காரர்கள் எத்தனை போட்டார்கள் என்ற பேச்சைக் கேட்டு 82 வினாக்களுக்கு விடையளித்தாள். சரியானவை 60, தப்பு 22. ஐந்தரை மார்க் கழிந்து 54.5. அதே தேர்வில் 68 மட்டும் எழுதி நான்கை மட்டும் தப்பாகப் போட்டிருந்தால் 63 வந்திருக்கும். ‘நீ எத்தனை அட்டெம்ப்ட்?’ என்ற கேள்வி தேர்வுக்கூட வாசலில் கேட்கப்படுகிற கேள்விகளிலேயே உபயோகமற்றது.

இரண்டாவது முறை மொத்த மார்க் போதுமானதாக இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் விழுந்தாள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச மார்க் உண்டு. கணக்கில் 30 வாங்கி ஆங்கிலத்தில் கோட்டுக்குக் கீழே நின்றால் கணக்கு கைகொடுக்காது. கிராமத்துப் பிள்ளைகள் அதிகம் மனம் உடைவது இங்கேதான். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கிப் பன்னிரண்டு வகை டென்ஸுக்குள் மூழ்கிவிடுகிறார்கள். வங்கித் தேர்வின் ஆங்கிலம் முதலில் கேட்பது வேகமாகப் படித்துப் பொருள் கொள்கிற திறமையை. தினம் ஒரு ஆங்கில நாளிதழின் வர்த்தகப் பக்கத்தில் ஒரே ஒரு செய்தியை எடுத்து, அதைத் தமிழிலோ தெலுங்கிலோ நாலு வரியில் எழுதிப் பார்ப்பது இலக்கணப் புத்தகத்தைவிட நல்ல பலன் தரும். ரெப்போ விகிதம், வாராக் கடன், வங்கி இணைப்பு என்று மெயின் தேர்வின் பொது அறிவுப் பகுதிக்கு வேண்டியதும் கூடவே வந்து சேரும். ஆறு மாதம் பிடிக்கும். ஆறு வாரத்தில் ஆங்கிலம் என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பயிற்சி மையம் தேவையா என்பது திருப்பதிப் பக்கத்து வீடுகளில் ஓயாத விவாதம். ராயலசீமையில் நந்தியால் என்ற ஊர் வங்கித் தேர்வுப் பயிற்சிக்கே பேர் போனது. தெலுங்கு பேசும் ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் அங்கே போய் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். அங்கே கிடைக்கிற பெரிய பலன், சுற்றியிருக்கும் எல்லோரும் அதையே படிக்கிறார்கள் என்பது. ஆனால் சின்னக் கடைக்காரர் வீட்டில் அறை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் மாதா மாதம் அனுப்ப முடியுமா என்பதுதான் கேள்வி. விண்ணப்பக் கட்டணமே 2025 அறிவிப்பில் பொதுப் பிரிவினருக்கும் பிற்பட்டோருக்கும் 850 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத் திறனாளிகளுக்கு 175. வருஷத்தில் நாலைந்து தேர்வு எழுதுகிறவருக்கு அதுவே ஒரு தொகை. நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் கடிகாரம் வைத்து மாதிரித் தேர்வு எழுதி, பிறகு ஒருவர் தப்பை ஒருவர் பார்த்துக்கொண்டால் பயிற்சி மையத்தின் பாதிப் பலன் வீட்டிலேயே கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: செல்போனிலேயே பழகியவர்கள் தேர்வறையில் மவுஸைப் பிடித்துத் தடுமாறுகிறார்கள். கடைசி ஒரு மாதமாவது கம்ப்யூட்டரில் எழுதிப் பார்க்க வேண்டும்.

கிராம வங்கித் தேர்வு இன்னொரு பழக்கத்தைக் கேட்கிறது. ஆபீஸ் அசிஸ்டென்ட் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம் கிடையாது. ரீசனிங் 40, கணக்கு 40, இரண்டுக்கும் சேர்த்து 45 நிமிடம். நேரத்தை இஷ்டப்படி பங்கிட்டுக்கொள்ளலாம். சுதந்திரம் என்று நினைத்தால் ரீசனிங் புதிரிலேயே முப்பது நிமிடம் போய்விடும். சில வார இடைவெளியில் இரண்டு தேர்வையும் எழுதுகிறவர், இரண்டு கடிகாரங்களுக்கும் பழக வேண்டும்.

சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமீண வங்கியைத்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ‘நம்ம பாங்க்’ என்று குறி வைத்திருந்தார்கள். ஏழுமலையின் பெயரைத் தாங்கிய அந்த வங்கி 2006-ல் உருவானது. ஒரு மாநிலத்துக்கு ஒரு கிராம வங்கி என்ற கொள்கைப்படி, 2025 மே 1 முதல் அது மற்ற மூன்று வங்கிகளோடு சேர்ந்து ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கியாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஏப்ரலிலேயே பாண்டியன், பல்லவன் கிராம வங்கிகள் இணைந்து சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு கிராம வங்கி வந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்ற கனவோடு தேர்வு எழுதுகிறவர்கள் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது.

படிப்பில் தேறிக் காகிதத்தில் தோற்பவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொன்று. தமிழ் வீட்டுப் பெண்ணுக்கு அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால். ஆந்திரத்துப் பள்ளியில் வீட்டுப் பெயர் என்று ஒன்றைக் கேட்டு எதையோ எழுதியிருப்பார்கள். இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். தேர்வில் ஜெயித்த பிறகு தொடங்கினால் நேரம் இருக்காது. பிற்பட்டோர் சான்றிதழிலும் இதே கதை. மாநில அரசின் பட்டியலில் இருக்கிற சாதி மத்திய அரசின் பட்டியலில் இருந்தே தீரும் என்பதில்லை. மத்தியப் பட்டியல் மாநிலவாரியானது. சான்றிதழும் மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற வாசகத்தோடு வேண்டும். ஆன்லைன் விண்ணப்பத்தில் கையால் எழுதிப் பதிவேற்றுகிற உறுதிமொழி ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், பெரிய எழுத்துகளில் இருக்கக் கூடாது. அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுகிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் மேலே வீடு. மூன்று முறை தவறிய பையனைப் பார்க்கிற பார்வை வேறு, பெண்ணைப் பார்க்கிற பார்வை வேறு. பெண்ணுக்கு ஜாதகக் கட்டு எடுத்து வைக்கப்பட்டுவிடுகிறது. இதைச் சமாளிக்க வீரவசனம் பேசுவதைவிட, வீட்டோடு ஒரு கெடு பேசிக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. ஐ.பி.பி.எஸ். வருஷத் தொடக்கத்திலேயே அந்த ஆண்டின் தேர்வுக் கால அட்டவணையை வெளியிட்டுவிடுகிறது. அதைச் சுவரில் ஒட்டி, இத்தனை தேர்வு, இத்தனை மாதம் என்று அப்பாவுக்குக் காட்டினால் அவர் சித்திக்குப் பதில் சொல்லிக்கொள்வார். தவறியதிலும் பேதம் உண்டு. முதல்நிலையில் தவறியது, ஆங்கிலக் கோட்டில் தவறியது, மெயின் வரை போய்த் தவறியது, மூன்றும் வீட்டார் கண்ணுக்கு ஒரே ‘ஃபெயில்’தான். எழுதியவளுக்கு அப்படி இருக்கக் கூடாது. கிளார்க் பணிக்கு இப்போது நேர்காணல் இல்லை. இறுதித் தேர்வு முழுக்க மெயின் மார்க்கைப் பொறுத்தது. மெயின் வரை போனவள் எங்கே நின்றாள் என்று மார்க் பட்டியலை வைத்துப் பகுதி பகுதியாகப் பார்த்தால், அடுத்த ஆறு மாதம் எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இந்த முறை விண்ணப்பத்தில் மாநிலம் என்ற கட்டம் வந்தபோது அவள் ஆந்திரப் பிரதேசத்தைக் குறித்தாள். அம்மாவுக்கு வருத்தம்தான். ‘வேலூர் பக்கம் கிடைச்சா சித்தி வீட்டிலேயே தங்கிக்கலாமே.’ மாடி அலமாரியில், கணக்கு நோட்டுகளுக்கு அடியில், நாலு கோடு போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. அதில் அப்பா எழுதிக் கொடுத்த அ, ஆ. இப்போது ‘ண’வுக்கு வந்திருக்கிறாள்.